'க்காக' வேண்டாம்: பரிணாமம் பற்றிய கேள்வி பதில்

பதில் தருபவர்: விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, தேனி): உயரத்து இலைகளை எட்டுவதற்காகத்தானே ஐயா ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது?

பதில்: 'எட்டுவதற்காக' என்பதை அடித்துவிடு, அம்மா. பாதிக் குழப்பம் அந்தக் 'க்காக'வில்தான் இருக்கிறது. கழுத்து நீண்டதை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை; பார்த்து அளந்த ஒன்றைச் சொல்கிறேன். பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு சிறு தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்குள்ள குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி. நம் ஊரில் காலில் குத்துகிறதே, அதன் உறவுச் செடி. அந்த முள்காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். குருவிகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் மடிந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுடையவையே அதிகம். அலகின் தடிமன் பெற்றோர் வழி வருவது என்பதால் அடுத்த தலைமுறையின் சராசரி ஏறியது. எந்தக் குருவிக்கும் பஞ்சத்தைக் கண்டு அலகு வளரவில்லை. கூட்டத்தின் கணக்குதான் மாறியது. 1983-இல் பெருமழை கொட்டிச் சிறு விதைகள் மண்டியதும் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?

பதில்: சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. பாகம் பிரிந்து அறுபது எழுபது லட்சம் ஆண்டுகள் இருக்கும். தெருவில் திரியும் குரங்கு இன்னும் தூரத்து உறவு.

கேள்வி (பொறியாளர், கோவை): 'வலியது வாழும்' என்பதுதானே டார்வின் கொள்கை? நோயாளிகளைக் காப்பாற்றுவது இயற்கைக்கு எதிரானது அல்லவா?

பதில்: அந்தத் தொடர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்பென்சருடையது, டார்வின் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1869 பதிப்பில்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். அதிலும் 'வலியது' இல்லை, 'பொருந்தியது' என்றே பொருள். தவிர, இயற்கையில் நடப்பது எதுவும் நமக்குச் சட்டம் ஆகாது.

கேள்வி (அவரே): சொல்லில் தொங்காதீர்கள். கெட்ட மரபணுவை இயற்கை களையும், மருத்துவம் தடுக்கும். உண்மையா, இல்லையா?

பதில்: எது கெட்டது? இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த மருத்துவர் ஆலிசன் 1954-இல் இதைக் காட்டினார். நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-இலேயே இந்த மரபணு கண்டறியப்பட்டது. மலேரியாவிலிருந்து காப்பதற்காகவே அது நிலைத்திருக்கிறது. கொசு இல்லாத ஊரில் அதே மரபணு வெறும் சுமை. ஊருக்கு ஊர் மாறும் ஒன்றுக்கு நீங்கள் நிரந்தர மதிப்பெண் போடுகிறீர்கள்.

கேள்வி (அவரே): விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்கிறீர்கள்.

பதில்: குருவியிலும் இதேதான் நடந்தது. 1977-இல் பொருந்திய அலகு 1983-க்குப் பிறகு பொருந்தவில்லை. இதற்குமேல் உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

கேள்வி: ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடுமாமே?

பதில்: உடம்பு பழகுவதில்லை. மருந்தைத் தாங்கும் கிருமிகள் தப்பிப் பெருகுகின்றன. அவையும் தாங்குவதற்காக மாறவில்லை. தாங்கக்கூடிய சில முன்பே இருந்தன, அல்லது தற்செயலாகத் தோன்றின. டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

கேள்வி: முதல் உயிர் எப்படித் தோன்றியது?

பதில்: வேதியியல்காரர்களைக் கேளுங்கள். என் பாடம் உயிர் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

கேள்வி: அப்படியானால் இன்றைய குரங்குகள் ஏன் மனிதனாக மாறவில்லை?

பதில்: மேலே சொன்னேனே, பங்காளி என்று.

கேள்வி (அதே மாணவி, தேனி): ஐயா, 'மலேரியாவிலிருந்து காப்பதற்காகவே' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே?

பதில்: பிடித்துவிட்டாய். 'மலேரியா மிகுந்த இடத்தில் அதை ஒரு பங்கு உடையவர்கள் அதிகம் பிழைத்துப் பிள்ளை பெற்றதால்' என்று திருத்திக்கொள். கோவைக்காரரிடம் சொல்லிவிடாதே.