பத்து கோட்டை நெல்லா, பத்து கோட்டைகள் நெல்லா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்து வயலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘பத்து கோட்டை நெல்’ (கோட்டை என்பது நெல் அளக்கும் பழைய அளவு) என்பதைப் பிழை திருத்துபவர் ‘பத்து கோட்டைகள் நெல்’ ஆக்கிவிட்டார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதுதான் சரி, விட்டுக்கொடுக்காதீர்கள்.

தமிழில் எண் முன்னால் வந்துவிட்டாலே பன்மை தெரிந்துவிடுகிறது, அதனால் அளவுப் பெயருக்குக் ‘கள்’ தேவையே இல்லை. ரெண்டு முழம் பூ, மூணு சீப்பு பழம், நாலு கிலோ உளுந்து என்றுதான் டவுன் கடைத்தெருவிலும் கேட்பார்கள், ‘ரெண்டு முழங்கள் பூ’ என்று எந்தப் பூக்காரம்மாவிடமும் யாரும் கேட்டதில்லை. நெல், எண்ணெய், மாவு போன்றவற்றை அப்படியே எண்ண முடியாது, நடுவில் கோட்டையோ படியோ உழக்கோ வந்தாக வேண்டும். சீன மொழியில் புத்தகத்தை எண்ணக்கூட இப்படி ஒரு சொல் நடுவில் வேண்டும்; நமக்கு ‘மூன்று புத்தகம்’ போதும்.

அஃறிணையில் ‘பத்து மரம்’, ‘பத்து மரங்கள்’ இரண்டும் செல்லும். நன்னூல் இதைப் பால்பகா அஃறிணை என்கிறது, ஒருமையா பன்மையா என்பதை வினையோ எண்ணோ காட்டிவிடும். ஆட்கள் என்று வரும்போதுதான் கவனம் வேண்டும். ‘நான்கு பெண்’ என்று எழுதினால் இடறும், ‘நான்கு பெண்கள்’ என்றோ ‘பெண்கள் நாலு பேர்’ என்றோ எழுதுங்கள்.

அப்புறம், கட்டுரையில் பழைய கணக்கு நோட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கும் வரிகளில் ‘நெல் 5 கோட்டை’ என்று பொருள் முதலிலும் அளவு பின்னாலும் இருக்கிறதே, அது கணக்கு எழுதும் முறை, அதையும் மாற்றவிடாதீர்கள்.