ரோமில் ‘கோபெர்த்தோ’ கேட்டால் கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு ரோமுக்குப் போகிறோம். ஆறு பேர், ஐந்து நாள். போன வருடம் போய்வந்த என் மைத்துனர், "ஹோட்டல் பில்லில் கோபெர்த்தோ என்று தலைக்கு 3 யூரோ போட்டார்கள், அதற்கு மேல் 15 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அங்கே சட்டமே அப்படித்தான் என்று டிராவல்ஸ்காரரும் சொல்லிவிட்டார்" என்கிறார். இரண்டு வேளைச் சாப்பாடு என்று கணக்குப் போட்டால் கோபெர்த்தோ மட்டுமே 180 யூரோ வருகிறது. உண்மையிலேயே கட்ட வேண்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: ரோமில் கட்ட வேண்டாம். உங்கள் மைத்துனருக்கு அப்படிச் சொன்னவர் ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லையென்றால் தெரிந்தே வாயை மூடிக்கொண்டவர்.

கோபெர்த்தோ என்பது மேஜை விரிப்பு, தட்டு, கத்தி, முள்கரண்டி, ரொட்டி இவற்றுக்காகத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தொகை. அதற்கும் டிப்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. இத்தாலியின் பெரும்பாலான ஊர்களில் இது வழக்கம்தான். மெனுவில் அச்சிட்டிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும், அச்சிடவில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ரோம் இருப்பது லாட்சியோ மண்டலத்தில். அந்த மண்டலம் 2006இலேயே சட்டம் போட்டு, கோபெர்த்தோ என்ற பெயரில் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

இந்த எல்லை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தடை லாட்சியோவுக்கு மட்டும்தான். நீங்கள் ஒருநாள் திவோலி நீரூற்றுத் தோட்டங்களுக்கோ ஓஸ்தியா கடற்கரைக்கோ போனாலும் அது லாட்சியோதான், தடை செல்லும். வத்திக்கான் தனி நாடு ஆயிற்றே என்று ஒரு சர்வர் உங்களிடம் வாதாடலாம். வத்திக்கான் சுவரைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் ரோம் மண், அங்கேயும் தடை செல்லும். ஆனால் காலையில் ரயில் ஏறி ஓர்வியேத்தோ போனால் அது உம்ப்ரியா மண்டலம். பிளாரன்ஸ் தொஸ்கானா, நேபிள்ஸ் கம்பானியா, வெனிஸ் வெனெத்தோ. அங்கெல்லாம் மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், சண்டை போடாதீர்கள். ரோமில் படித்ததை வெனிஸில் போய்ப் பேசி அவமானப்பட்டுத் திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தடை இருக்கிறதே, பிறகு எப்படி வாங்குகிறார்கள்? பெயரை மாற்றிவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு கூடை ரொட்டி வரும். பில்லில் ‘பானே’ என்று ஆறு பேருக்கும் போடுவார்கள். பானே என்றால் ரொட்டி. ரொட்டிக்கு விலை வைப்பது தப்பில்லை, ஆனால் ரொட்டியை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூடை மேஜையில் இறங்கும்போதே "சென்சா பானே, கிராட்சியே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். குழந்தைகள் ஒரு துண்டைக் கையில் எடுத்த பிறகு சொன்னால் பலிக்காது. சர்வீஸ் சார்ஜ், அதாவது ‘செர்வீட்சியோ’, இத்தனை சதவீதம் என்று மெனுவில் எழுதியிருந்தால் மட்டுமே செல்லும். அதைக் கட்டிவிட்டால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையே இல்லை.

இத்தனை வருடம் கழித்தும் ரோமில் கோபெர்த்தோ அச்சிட்ட மெனுக்கள் கண்ணில் படுகின்றன. மூன்று நாளில் விமானம் ஏறப்போகும் வெளிநாட்டுக்காரர் உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாரா? சட்டத்தை எழுதியவர்கள் அதை விமான நிலையத்தில் நாலு மொழியில் ஒட்டி வைத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 3 யூரோவுக்குப் பயப்படுகிறீர்கள். உங்கள் பர்ஸைக் காலி செய்யப்போவது அது இல்லை, எடைக்கு விற்கும் மீன். மெனுவில் மீன் பெயருக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருக்கிறதா பாருங்கள். எத்தோ என்றால் 100 கிராம். இரண்டு வருடம் முன்பு நான் கூட்டிப்போன ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர், நம் கொடுவா மாதிரி இருக்கும் பிரான்ட்சீனோ மீனைத் தட்டில் வைத்துக் காட்டியதும் தலையை ஆட்டிவிட்டார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன், கவனிக்கவில்லை. மெனுவில் 8 யூரோ என்று இருந்தது உண்மைதான். மீன் 1,400 கிராம். பில்லில் அந்த ஒரு மீனுக்கு மட்டும் 112 யூரோ. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தப்பென்று சொல்ல எங்களிடம் எந்தப் பிடியும் இல்லை, எத்தோ என்று எழுதித்தான் இருந்தது. 2019 செப்டம்பரில் ரோமில் இரண்டு ஜப்பானியப் பெண்கள் மீனும் ஸ்பெகெட்டியும் சாப்பிட்டதற்கு 430 யூரோ அளவுக்கு பில் வந்து உலகச் செய்தி ஆனது. அதில் 80 யூரோ டிப்ஸ். மீன் வேண்டுமென்றால் எடை போட்டு, மொத்த விலையைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ரோம்காரர்களும் கேட்கிறார்கள்.

நீங்கள் போகும் சமயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் போர்ச்சினி காளான் கிடைக்கும், அக்டோபரை ஒட்டி வெள்ளை ட்ரஃபிளும் இறங்கத் தொடங்கும். மெனுவை அடித்து முடித்த பிறகு வருகிற சரக்கு என்பதால் சர்வர் வாயால்தான் சொல்வார்: "இன்று ஸ்பெஷல்." விலையைச் சொல்ல மாட்டார். ட்ரஃபிள் நிலத்துக்கடியில் விளையும் ஒருவகைக் காளான், கிலோ ஆயிரக்கணக்கான யூரோ. உங்கள் பாஸ்தா மேல் சீவிக்கொண்டே "போதுமா?" என்று சிரிப்பார்கள், ஒவ்வொரு சீவலுக்கும் காசு. நாணயமான கடையில் சீவுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் எதிரே எடை போடுவார்கள். தராசு வரவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போர்ச்சினி காளானை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த வாசனை இந்த மாதங்களில்தான் கிடைக்கும். விலையைக் கேட்டுவிட்டுத் தைரியமாகச் சாப்பிடுங்கள்.

அப்புறம், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுபவர்கள். இத்தாலியில் அவர்களுக்கு ‘புத்தாதெந்த்ரோ’ என்றே பெயர், உள்ளே தள்ளிவிடுகிறவர் என்று அர்த்தம். பல உணவகங்கள் மதியம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைக்கும். அருங்காட்சியகம் சுற்றிவிட்டு நாலரை மணிக்குப் பசியோடு வெளியே வரும் குடும்பம்தான் இவர்களுடைய இலக்கு. அந்த நேரத்தில் உட்காராதீர்கள். ‘பீட்சா அல் தாலியோ’ கடையைத் தேடுங்கள். நீளத் தகட்டிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, சுடவைத்துக் கொடுப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று விரலால் காட்டினால் போதும். தண்ணீருக்குத் தெருக்குழாய் இருக்கிறது. ‘நசோனே’ என்று பெயர், ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல். நல்ல குடிநீர், காசில்லை.

தெருவில் நிற்பவரைவிட எனக்குக் கோபம் வருவது நம்மோடு வண்டியில் வருபவர் மேல்தான். "நம்ம ஆள் கடை சார், நல்லா பார்த்துப்பாங்க" என்று டிரைவரோ கைடோ ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிப்போனால் அதில் கமிஷன் இருக்கிறது. இங்கிருந்தே முன்பணம் கட்டச் சொல்லும் டின்னர் வவுச்சரும் அதே கதைதான், வாங்காதீர்கள்.

பணம் கட்டும்போது மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்கும். யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் உங்கள் தலையில் கை வைத்துவிடுவார்கள். "மெஷின் ரிப்பேர், கேஷ் கொடுங்கள்" என்று சொன்னால் நம்பி ஏடிஎம் தேடி ஓட வேண்டாம். கார்டை மறுக்கும் கடைக்கு 30 யூரோவும் பில் தொகையில் 4 சதவீதமும் அபராதம் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. அதைச் சொன்னால் பெரும்பாலும் இன்னொரு மெஷின் வந்துவிடும். தாளில் கிறுக்கிய கணக்கை ஏற்காதீர்கள். அச்சடித்த ரசீது, அதாவது ‘ஸ்கொந்த்ரீனோ’, வரட்டும். அதில் கோபெர்த்தோ இருந்தால் பேனாவால் வட்டம் போட்டு, "லாட்சியோ, நோ கோபெர்த்தோ" என்று மெதுவாகச் சொல்லி நீட்டுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். பெரும்பாலும் ரசீதை எடுத்துக்கொண்டு போய் வேறு அடித்துக்கொண்டு வருவார்கள்.