கிராஃபைட்டைக் குறை சொல்லும் முன் செல்லைப் பாருங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சிவகங்கைச் செதில் கிராஃபைட்டைச் சுத்திகரித்து ஆனோடு (சார்ஜ் ஆகும்போது லித்தியத்தை ஏற்கும் மின்வாய்) செய்து, லித்தியம் தகட்டுக்கு எதிராகக் காயின் செல்லில் சோதித்தேன். 0.1 சி வேகத்தில் (பத்து மணி நேரத்தில் முழுதாக நிரப்பும் வேகம்) கிராமுக்கு 350 மில்லிஆம்பியர்-மணி வருகிறது. 2 சி-யில் (அரை மணி நேர வேகம்) 60-க்கு விழுந்துவிடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிகிராம் பூசியிருக்கிறேன். 10 சதவீதம் நானோ சிலிக்கான் சேர்க்கச் சொல்கிறார்கள். வேக சார்ஜுக்கு எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். 0.1 சி-யில் 350 என்பது நல்ல எண். கிராஃபைட்டின் உச்சவரம்பே 372தான். உங்கள் பொருள் லித்தியத்தை ஏற்கிறது, சுத்திகரிப்பும் கைகொடுத்திருக்கிறது. அந்த 60 கிராஃபைட்டின் குறைதானா, சோதித்த செல்லின் குறையா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 6 மில்லிகிராம் பூச்சுக்கு 2 சி என்றால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4.5 மில்லிஆம்பியர். செல்லின் மொத்தத் தடை சதுர சென்டிமீட்டர் கணக்கில் வெறும் 20 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 90 மில்லிவோல்ட். கிராஃபைட் லித்தியத்தை நிரப்பிக்கொள்ளும் கடைசிப் படி லித்தியத்துக்கு மேல் ஏறக்குறைய 85 மில்லிவோல்ட்டில் இருக்கிறது. நீங்களோ 0 வோல்ட் வந்ததும் நிறுத்தும்படி கருவியை அமைத்திருப்பீர்கள். ஆக, கிராஃபைட் ஏறக்குறைய பாதி மட்டுமே நிறைந்த நிலையிலேயே கருவி 'முடிந்தது' என்று சொல்லிவிடும். அந்த 90 மில்லிவோல்ட்டில் எதிரே இருக்கும் லித்தியம் தகட்டின் பங்கும் உண்டு. தகடு செய்த தவறுக்குக் கிராஃபைட் மதிப்பெண் இழக்கிறது. மெதுவாக நிரப்பி வேகமாக வெளியே எடுத்துப் பாருங்கள். எண் மிக நன்றாக வரும், ஏனென்றால் அந்தத் திசையில் 0 வோல்ட் சுவர் கிடையாது. ஆனால் அது டிஸ்சார்ஜுக்கான சான்று மட்டுமே. அதை வேக சார்ஜ் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். அதே ஸ்லரியை (பூச்சுக் குழம்பை) 1 முதல் 1.5 மில்லிகிராம் அளவுக்கு மெல்லியதாகப் பூசி, அதே 2 சி-யில் ஓட்டுங்கள். எண் எகிறினால் துகளுக்குள் தடை இல்லை. தடிமன், துளைகள், எதிர்த்தகடு இவற்றில்தான் சிக்கல். எகிறாவிட்டால் துகளின் அளவையும் மேற்பரப்பையும் சந்தேகிக்கலாம். அடுத்தபடியாக, கிராஃபைட்டின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க மூன்றாவது மின்வாய் கொண்ட செல் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால், தேவைக்கு மேல் கொள்ளளவு உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் தகட்டை எதிரே வையுங்கள். அதன் மின்னழுத்தம் 3.4 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்பதால், மீதி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கிராஃபைட்டினுடையது என்று படித்துக்கொள்ளலாம்.

அறையின் வெப்பநிலையை நோட்டில் எழுதுகிறீர்களா? நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு கோடையில் ஆய்வகத்து ஏசி இரண்டு வாரம் பழுதானது. அந்த இரண்டு வாரத்தில் ஓட்டிய செல்கள் எல்லாம் அருமையாக வேலை செய்தன. புதிய பூச்சின் மகிமை என்று நம்பி அறிக்கைகூட எழுதிவிட்டேன். ஏசி சரியானதும் மகிமையும் போய்விட்டது. லித்தியம் அயனி தன்னைச் சூழ்ந்த கரைப்பான் மூலக்கூறுகளை உதறிவிட்டு, எஸ்.இ.ஐ. படலத்தை (முதல் சார்ஜில் மின்பகுளி சிதைந்து ஆனோடின் மேல் உருவாகும் மெல்லிய தோல்) கடந்து கிராஃபைட்டுக்குள் நுழையும் அந்த ஒரு படி, 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு வேகம் பெறும். ஆகவே வெப்பநிலைப் பெட்டி இல்லாமல் எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். லித்தியம் கிராஃபைட் அடுக்குகளின் விளிம்பு வழியாகத்தான் நுழையும், தட்டையான முகத்தின் வழியாக நுழையாது. உங்களுடையது செதில். பூசி, உருளையில் அழுத்தும்போது செதில்கள் தரையில் உதிர்ந்த சருகுகள் மாதிரி செம்புத் தகட்டுக்கு இணையாகப் படுத்துவிடும். மேலிருந்து வரும் அயனி ஒவ்வொரு செதிலையும் சுற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். தடிமனான ஆனோடில் வேக சார்ஜைக் கெடுப்பதில் இந்தச் சுற்றுவழிக்குப் பெரிய பங்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆனோடில் லேசரால் வரிசையாக நுண்துளைகள் போட்டு, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சூரிச்சில் காந்தப்புலத்தால் செதில்களை நிமிர்த்தினார்கள். இரண்டிலும் கிராஃபைட் அதேதான், அயனிக்கு வழி மட்டும் நேரானது.

உங்களிடம் லேசரும் காந்தமும் இருக்காது. ஆனால் செதில்களைப் பந்தாக உருட்டலாம், அதிகமாக அழுத்தாமல் விடலாம். அப்புறம் நான் மிகவும் பரிந்துரைப்பது தார்ப்பிசின் பூச்சு. கிராஃபைட்டோடு சில சதவீதம் பிட்ச் கலந்து, ஆர்கானில் 1,000 டிகிரி வாக்கில் சுடுங்கள். மேலே ஒழுங்கில்லாத கார்பன் தோல் ஒன்று படியும். அந்தத் தோலுக்கு விளிம்பு, முகம் என்ற பேதமில்லை, எந்தப் பக்கமும் லித்தியம் நுழையும். மின்பகுளி கிராஃபைட்டை நேரடியாகத் தாக்குவதும் குறையும். பேட்டரித் தொழிலில் வழக்கமாகச் செய்வதுதான் இது, உங்கள் உலையிலும் செய்ய முடியும்.

துகளைப் பாதியாகப் பொடித்தால் உள்ளே ஊடுருவும் நேரம் கால்வாசியாகும் என்பது உண்மை. ஆனால் மேற்பரப்பு கூடக்கூட, முதல் சுற்றிலேயே படலம் உருவாக்கக் கூடுதல் லித்தியம் செலவாகும். அளவோடு பொடியுங்கள்.

சிலிக்கான் யோசனையை நான் ஒதுக்கவில்லை. அது கிராமுக்கு 3,579 வரை பிடிக்கும் என்பதால், அதே கொள்ளளவுக்குப் பூச்சு மெல்லியதாகும். வேக சார்ஜுக்கு அது தரும் மெய்யான உதவி இதுதான். ஆனால் நிறையும்போது முன்பிருந்த கனஅளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் வீங்கும். வேறு பைண்டர் (துகள்களை ஒட்டவைக்கும் பசை), வேறு மின்பகுளிச் சேர்க்கை என்று உங்கள் ஒரு ஆய்வு மூன்று ஆய்வாகிவிடும். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய மாணவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மாற்று ஆனோடு பொருளான லித்தியம் டைட்டனேட் 1.55 வோல்ட்டில் பாதுகாப்பாக வேலை செய்யும், ஆனால் கொள்ளளவு 175தான். நியோபியம் ஆக்சைடுகள் அதைவிட மேல், இருந்தாலும் உங்கள் கேள்வி சிவகங்கைக் கிராஃபைட்டைப் பற்றியது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, 2 சி-யில் நல்ல எண் வந்த நாளில் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். வேகமாக சார்ஜ் செய்யும்போது ஆனோடின் மின்னழுத்தம் லித்தியத்துக்குக் கீழே போனால், லித்தியம் உள்ளே நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும். உயிரை வாங்கும் பிரச்சினை இது, ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது வரை போகும். இரும்பு பாஸ்பேட்டை எதிரே வைத்து முழுக்க சார்ஜ் செய்த ஒரு செல்லைக் குளோவ் பாக்ஸுக்குள் (ஆர்கான் நிரப்பிய மூடிய பெட்டி) பிரித்து, டைமெத்தில் கார்பனேட்டில் கழுவிப் பாருங்கள். காற்றுக்கு வெளியே எடுக்காதீர்கள். கிராஃபைட் பாதி நிறைந்தால் செம்பு நிறம் காட்டும், முழுதாக நிறைந்தால் தங்க நிறம். எங்கும் சீரான தங்கம் என்றால் உங்கள் ஆனோடு வேலை செய்திருக்கிறது. ஓரத்திலோ நடுவிலோ மங்கிய சாம்பல் வெள்ளித் திட்டு தெரிந்தால் அது படிந்த லித்தியம். அந்தப் படத்தை எடுத்து, கொள்ளளவு வரைபடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி உங்கள் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.