டைப் 1 சுகர் உள்ள 16 வயது மகன், 18 ஆனதும் பெரியவர்களுக்கான டாக்டரிடம் மாற வேண்டும். இப்போதே எப்படித் தயார் செய்வது?

எனக்கு 11 வயதில் டைப் 1 வந்தது, இப்போது 24. 12 வயதிலேயே நானே ஊசி போட்டுக்கொண்டதால், எல்லாம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் நம்பினோம். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன மூன்றாவது வாரம்தான் உண்மை தெரிந்தது.

கையிலிருந்த சிரிஞ்சு தீர்ந்துவிட்டது. பக்கத்து மெடிக்கலில் "இன்சுலின் சிரிஞ்சு" என்று மட்டும் கேட்டு வாங்கினேன். ஆரஞ்சு மூடி போட்டது கொடுத்தார்கள். நான் போடுவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டில் மருந்து. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு வேண்டும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். இரண்டு நாள் அடங்காத தாகம், ராத்திரி முழுக்க பாத்ரூம், மீட்டரில் 400க்கு மேல். வாந்தி தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். "சிரிஞ்சு மூடி என்ன கலர்?" என்றார். அன்று இரவே அட்மிட் ஆனேன், சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) இருந்தது. (இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்திருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும். தம்பிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.)

ஏழு வருடமாக அம்மா மனதுக்குள் வைத்திருந்த விஷயங்களை நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசவே இல்லை. நீங்கள் செய்வதை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்குவது, இன்சுலின் கெடும் தேதி பார்ப்பது, இட்லிக்கு எவ்வளவு யூனிட், பிரியாணிக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பது. மொத்தமாக 18வது பிறந்தநாளில் ஒப்படைக்காமல், இன்றிலிருந்து ஒவ்வொன்றாக விடுங்கள். முதலில் மெடிக்கலுக்குப் போவது. உங்களிடம் ஒரு செட் தனியாக இருக்கட்டும், அவர் மறந்தாலும் ஆபத்து வராது. கடைசியாகக் காய்ச்சல் நாள் கணக்கு. சாப்பாடு இறங்காவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தக் கூடாது, கீட்டோன் பார்க்க வேண்டும் என்பதை அவரே உங்களுக்கு விளக்கிச் சொல்லும் வரை விடாதீர்கள்.

அடுத்த விசிட்டிலிருந்தே முதல் பத்து நிமிடம் தம்பி மட்டும் டாக்டரிடம் பேசட்டும். சின்ன வயதில் என்னைப் பார்த்த குழந்தைகள் நல டாக்டர், என் அம்மாவைப் பார்த்துத்தான் பேசுவார். புது டாக்டர் என்னைப் பார்த்து "எத்தனை யூனிட் போடுறே, ஏன் அந்த அளவு?" என்று கேட்டபோது நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அதோடு, மது குடித்தால் பல மணி நேரம் கழித்தும் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், பைக் எடுக்கும் முன் சுகர் பார்க்க வேண்டும் போன்ற பேச்செல்லாம் அம்மா எதிரில் எந்தப் பிள்ளையும் பேசாது.

டாக்டரைத் தேடும்போது, டைப் 1 ஆட்களை வழக்கமாகப் பார்ப்பவரா என்று கேளுங்கள். பல சுகர் கிளினிக்குகளில் வருபவர்கள் பெரும்பாலும் டைப் 2தான். பழைய டாக்டரிடம் இன்சுலின் அளவு, பழைய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), கண், சிறுநீர் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து ஒரு கடிதம் வாங்குங்கள். புது டாக்டரின் தேதி கையில் இருக்கும்போதே பழைய இடத்தை விடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு வருடம் எங்கும் போகவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். இந்த வயதில் ஹார்மோன்களே சுகரை ஏற்றும், சரியாகச் செய்தாலும் ஏறும். தினமும் போனில் "சுகர் எவ்வளவு?" என்று அம்மா கேட்பார். 280 இருந்தாலும் 140 என்பேன், திட்டுக்குப் பயந்து. அட்மிட் ஆன அன்று மீட்டர் மெமரியைப் பார்த்து அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், திட்டவில்லை. அதன்பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டார்: "சரி, இப்ப என்ன பண்ணப் போறே?" 280ஐ 280 என்றே சொல்ல ஆரம்பித்தது அப்புறம்தான்.