டார்ஷன் பாரை முறுக்கினால் எஞ்சினின் கனம் குறையாது

கேள்வி: எங்களுடையது 1971-ம் வருட அம்பாசடர் மார்க் 2, அப்பா வாங்கியது. எஞ்சின் புகை தள்ளுகிறது. மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின் போடலாம், அல்லது இசுசூ 1.8 பெட்ரோல் எஞ்சினை 5 கியர் பாக்ஸோடு போடலாம் என்கிறார் மெக்கானிக். முன்பக்கம் கனத்தால் டார்ஷன் பாரை (முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) டைட் வைத்துக்கொள்ளலாமாம். அடிக்கடி கோத்தகிரி போய்வருகிறோம். வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்குமா? – வாசகர், ஈரோடு

பதில்: மலை ஏறி இறங்கும் வண்டிக்கு மேட்டடார் டீசல் வேண்டவே வேண்டாம். இசுசூ பெட்ரோல் எஞ்சினின் ஹெட் அலுமினியம் என்பதால் முன்பக்கக் கனம் பெரிதாக ஏறாது. அதில் உள்ள சிக்கல் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

மேட்டடார் போன்ற பழைய டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் 20 மடங்கு நெருக்குகிறது. அதைத் தாங்க பிளாக், கிராங்க், ஃபிளைவீல் எல்லாமே தடிமனாக இருக்கும். எவ்வளவு கனம் என்பதோடு அது எங்கே உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அம்பாசடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2464 மி.மீ. கூடுதலாக 60 கிலோ, முன் அச்சைத் தாண்டி 20 செ.மீ. முன்னால் உட்கார்ந்தால் முன் சக்கரங்கள் மேல் 65 கிலோ ஏறும், பின் சக்கரங்களிலிருந்து 5 கிலோ போய்விடும். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிப்பீர்கள், வண்டி நேராகப் போகப் பார்க்கும். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் கனம் இன்னும் முன்னால் சாயும். லேசாகிப்போன பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வால் வீசும். போதாததற்கு, டீசலில் எஞ்சின் பிரேக்கிங்கும் குறைவு. பிரேக்குக்கு பூஸ்டர் (மிதிக்கும் விசையை வேக்குவத்தால் கூட்டித் தருவது) மாட்டியிருந்தால் அதற்குத் தனி வேக்குவம் பம்ப் தேவை. அது இல்லாமல் டீசலில் பூஸ்டர் வேலை செய்யாது.

அந்த டார்ஷன் பார் யோசனைக்கு வருவோம். பட்டறைக்குப் பட்டறை சொல்லப்படும் தப்பு இது. டார்ஷன் பாரின் பின்முனையில் உள்ள லீவரை நகர்த்தினால் வண்டியின் முன்பக்கம் உயரும், அவ்வளவுதான். பார் கெட்டியாகாது. ஒரு கம்பியின் முறுக்கு வலு அதன் தடிமனிலும் நீளத்திலும் இருக்கிறது. எந்த நிலையில் மாட்டினோம் என்பதில் இல்லை. 5 சதவீதம் தடித்த பார் போட்டால் சுமார் 22 சதவீதம் கெட்டியாகும். பழைய பாரை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு சதவீதம்கூட ஏறாது. உயரம் பழையபடி நிற்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டதாக நினைப்போம். வளைவில் மூக்கு முன்னைவிட அதிகமாகச் சாயும், பள்ளத்தில் அடி வாங்கும், பழைய ஷாக் அப்சார்பர் அந்தக் கனத்தை அடக்காது. இன்னொன்று: ஓடிப் பழகிய இடது, வலது பார்களை மாற்றி மாட்டக் கூடாது. எதிர்ப்பக்கம் முறுக்கினால் விரிசல் விடலாம். கழற்றும்போதே பெயின்ட்டில் குறி வைக்கச் சொல்லுங்கள்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் கழற்றும் முன் வண்டியை லாரி எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். டேங்க் நிறைய பெட்ரோல், ஸ்டெப்னி உள்ளே, ஆள் வெளியே. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. மேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், ஆகவே மூன்று முறை நிறுத்துப் பாருங்கள். மாற்றிய பிறகும் அதேபோல். முன்பக்கம் 20 கிலோவுக்குள் ஏறியிருந்தால் புது ஷாக் அப்சார்பரும் வீல் அலைன்மென்ட்டும் போதும். 50 கிலோவைத் தாண்டினால் தடித்த பார், பெரிய பிரேக் இரண்டும் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள். 15 கிலோ பேட்டரியை முன் அச்சின் மேலிருந்து எடுத்து, பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் டிக்கியில் வைத்தால் முன்பக்கம் 17 கிலோ இறங்கும். பேட்டரி அருகிலேயே ஃபியூஸ், தடித்த செப்புக் கேபிள், அசையாத கட்டு இந்த மூன்றும் கட்டாயம். கியர் பாக்ஸ் நீளம் மாறுவதால் அதிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டுவார்கள். வெல்டிங் முடிந்ததும் பேலன்ஸ் செய்த பிறகே வாங்குங்கள்.

இனி காகிதம். இசுசூவில் வேறு சிக்கல் என்று சொன்னது இதைத்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. "ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வராமல் எஞ்சினில் கை வைக்கக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எஞ்சின் நம்பரைத்தான் பார்க்கும். என்ன தாள் வேண்டும் என்பதை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் வரை புரோக்கர்களுக்குப் பஞ்சமே இருக்காது. இதை ஒரே பக்கத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட ஏன் முடியவில்லை? பழைய எஞ்சின் விற்பவரிடம் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் கேளுங்கள். தயங்கினால் அது திருட்டு வண்டியின் எஞ்சினாகவே இருக்கலாம்.

உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாத வண்டி விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். உங்கள் வண்டிக்கு வயது ஆகிவிட்டது. இசுசூ போட்ட நாளே தகுதி போய்விடும். ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் நிரப்புவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். கோத்தகிரிப் பயணம் தொடர வேண்டுமானால் இப்போதைய பதிவிலேயே இருங்கள். அசல் எஞ்சினை வைத்திருந்தால் பின்னாளில் விரும்பும்போது விண்டேஜுக்குப் போகலாம். எடைக்குப் போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எஞ்சினைத் தூக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக வந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது: ரீபோர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கலாம். ஹெட்டைக் கழற்றினாலே தெரிந்துவிடும். கம்ப்ரஷன் சரியாக இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு கைடும் சீலும் மாற்றினாலே போதும்.