மாத்திரை நிறம் மாறினால் கேட்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் முழங்கால் ஆபரேஷன். போன தடவை காய்ச்சலுக்குச் சேர்த்திருந்தபோது ஒருநாள் வேறு நிறத்தில் மாத்திரை வந்தது. அம்மா பேசாமல் விழுங்கிவிட்டார். “கேட்டால் நர்ஸுக்குக் கோபம் வரும், அப்புறம் சரியாகக் கவனிக்க மாட்டார்கள்” என்கிறார். கேட்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை. ஆனால் அம்மாவின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. படுத்திருப்பவருக்கு எதிரே நிற்பவர்கள் எல்லாருமே அதிகாரிகளாகத்தான் தெரிவார்கள். “தைரியமாகக் கேளும்மா” என்றால் வேலைக்கு ஆகாது. கேட்க வேண்டிய வார்த்தையையே சொல்லிக் கொடுங்கள்: “சிஸ்டர், நேற்று வெள்ளை மாத்திரை, இன்றைக்கு மஞ்சளாக இருக்கிறதே, மருந்தை மாற்றிவிட்டார்களா?” இதில் கோபப்பட என்ன இருக்கிறது? பெரும்பாலும், “அதே மருந்துதான், கம்பெனி வேறு” என்று பதில் வரும். என்றைக்காவது ஒருநாள் அது பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரையாக இருக்கும். அந்த ஒருநாளுக்காகத்தான் தினமும் கேட்பது.

காலையில் பெயர் கேட்ட நர்ஸே மதியமும் கேட்பார். “இன்னுமா என் பெயர் தெரியவில்லை?” என்று அம்மா சலித்துக்கொள்ளக் கூடாது. அது மறதி இல்லை. கட்டில் எண்ணை நம்பாமல், பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கைப்பட்டையோடு ஒத்துப் பார்ப்பதுதான் முறை. “நீங்கள்தானே இன்னார்?” என்றால் அரைத்தூக்கத்தில் யாரும் “ம்” என்றுவிடுவார்கள். அதனால் அம்மாவே முழுப் பெயரையும் சொல்லட்டும்.

எந்த முழங்கால் என்பதை, அம்மா விழித்திருக்கும்போதே பேனாவால் குறித்துவிடச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயமே இதுதான்: தான் யார், எந்த இடத்தில் என்ன சிகிச்சை, அதற்குச் சம்மதமா என்பதை நோயாளியே உறுதிசெய்ய வேண்டும். அம்மா வாய்திறப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று அங்கே யாரும் நினைக்கப் போவதில்லை.

சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை, எதற்காவது ஒவ்வாமை என்றால் அதுவும்.

டாக்டரிடம் “கை கழுவினீர்களா?” என்று கேட்க எனக்கே கூச்சம்தான். சானிடைசர் பாட்டிலை எடுத்துச் சிரித்தபடி நீட்டினால் விஷயம் முடிந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்த இரவு, “எதற்கு அவர்களுக்குத் தொந்தரவு” என்று அம்மா தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்ப்பார். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா என்று ஒருமுறை அவரையே அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு நீங்கள் வீட்டுக்குக் கிளம்புங்கள்.