லிமிட் சுவிட்சைக் கட்டிவைத்த மெஷினில் விரல் போனது: இழப்பீடு கிடையாதா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஆபரேட்டர். சம்பளம் 14,000 ரூபாய். 2025 செப்டம்பரில் நைட் ஷிஃப்டில், டையில் (அச்சில்) ஒட்டிக்கொண்ட ஒரு பிளாஸ்டிக் மூடியை எடுக்கக் கையை விட்டபோது டை மூடிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாகப் போய்விட்டன. அந்த மெஷினில் சேஃப்டி டோர் திறந்தால் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்சை, வேலை செய்யாதபடி டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். "கட்டியது உன் தம்பிதான். அவன் கான்ட்ராக்டர் ஆள், கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை" என்கிறார் முதலாளி. 50,000 ரூபாய் தருவதாகச் சொல்லி ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்ததே இல்லை. அங்கே முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

முதலாளி சொல்லும் அந்த லிமிட் சுவிட்சுக்கு வருவோம். அதைச் சொல்லித்தான் அவர் உங்களைப் பயமுறுத்துகிறார். என் பார்வையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரமே அதுதான். உதாரணத்துக்கு, நூறு டன் மெஷின் என்றால் டையின் இரண்டு பாதிகளையும் அவ்வளவு விசையோடு அழுத்திப் பிடிக்கிறது என்று பொருள். அதனால்தான் கதவைத் திறந்த உடனே டை நகராதபடி லிமிட் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. சுவிட்ச் பழுதானாலும் ஆபத்து வரக்கூடாது என்று ஹைட்ராலிக் வால்வு ஒன்றும், டைக்குக் குறுக்கே விழுந்து தடுக்கும் இரும்புத் தண்டு ஒன்றும் சேர்த்து வைப்பார்கள். இத்தனையும் வேலை செய்திருந்தால், கதவு திறந்திருக்கும்போது டை மூடியிருக்க முடியாது. அப்படியானால் அங்கே ஒரு சுவிட்ச் மட்டும் கெட்டிருக்கவில்லை. மற்ற பாதுகாப்புகளும் இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது பராமரிக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம். அதற்கு ஆபரேட்டர் எப்படிப் பொறுப்பாவார்?

ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை வார்த்து எடுக்கும்போதும், கதவைத் திறந்து மூடினால் சில விநாடிகள் போகும். ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் வந்தாக வேண்டும் என்று சூப்பர்வைசர் நெருக்கும்போது சுவிட்சில் டேக் ஏறுகிறது. தினமும் அந்த மெஷினைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள். இயங்கும் ஆபத்தான பாகங்களுக்குப் பாதுகாப்பு அரண் போட்டு, அதைச் சரியாகப் பராமரிக்க வேண்டும் என்று விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமை தொழிற்சாலை நடத்துகிறவருடையது.

இனி பணம். இங்கேதான் நிறையப் பேர் பாதை மாறிப் போகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அது ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறது. கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அவர்களுக்கான சந்தாவைக் கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது கான்ட்ராக்டரை வைத்திருக்கும் கம்பெனிக்கு, உண்டு. பிடித்தம் செய்யவில்லை என்பதால் தம்பியின் உரிமை போய்விடாது. சந்தா கட்டப்பட வேண்டியவராக இருந்தாலே அவர் காப்பீடு பெற்றவர்தான். முதலாளி கட்டாமல் விட்டதை ஈ.எஸ்.ஐ. கழகம் அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 51பி பிரிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி விதியையோ உத்தரவையோ மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகவே அதைச் செய்திருந்தால் அது வேலையால் ஏற்பட்ட விபத்தாகவே கருதப்படும். தம்பியே சுவிட்சைக் கட்டினார் என்று வைத்துக்கொண்டால்கூட, அவர் எடுக்கப் போனது கம்பெனியின் மூடியைத்தான்.

வேலை செய்ய முடியாமல் இருந்த காலத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதன் பிறகு மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தை மதிப்பிடும். ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் அட்டவணைப்படி 20 சதவீதம். தம்பியின் சம்பளத்துக்கு மாதம் 2,500 ரூபாய் அளவில், ஆயுள் முழுக்க வரும். முதலில் உங்கள் பகுதி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி தொழிலாளியே இல்லை என்று தகராறு வந்தால் ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் போகலாம்.

ஈ.எஸ்.ஐ. பொருந்தும் ஒருவர் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1996இலேயே இதை உறுதிசெய்துவிட்டது. ஏதோ ஒரு காரணத்தால் ஈ.எஸ்.ஐ. பொருந்தாது என்று முடிவானால், தொழிலாளர் துணை ஆணையர் முன் விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். அங்கே கணக்கு இப்படி: சம்பளத்தில் 60 சதவீதம் 8,400 ரூபாய். அதை 24 வயதுக்கான 218.47 என்ற காரணியால் பெருக்கி, 20 சதவீதம் எடுத்தால் சுமார் 3,67,000 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டியும் உண்டு. அவர் நீட்டும் ஐம்பதாயிரம் எந்த மூலைக்கு?

அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியவருக்கு இழப்பீடு மறுக்க இடம் இருப்பது உண்மை. ஆனால் 'வேண்டுமென்றே' என்பதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். மெஷின் பல நாளாக அப்படியே ஓடியது, சூப்பர்வைசருக்குத் தெரியும் என்று காட்டிவிட்டால் அவர் வாதம் நிற்காது. அதனால் இன்றைக்கே ஆதாரம் சேர்க்கத் தொடங்குங்கள். சுவிட்ச் கட்டியிருக்கும் போட்டோ, கூட வேலை செய்தவர்களின் போனில் இருக்கும் வீடியோ, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மெஷின் நம்பர், சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், எதையும் விடாதீர்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். இருந்தால் பத்திரப்படுத்தும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கி, அதில் 'மெஷினில் சிக்கி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் 'வீட்டில் வழுக்கி' என்று சொல்லிச் சேர்த்திருப்பார்கள். அப்படி இருந்தால் உடனே என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியாத காயம் என்றால் நிர்வாகமே தகவல் தந்திருக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள். புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதை அவர்களிடம் சொல்லுங்கள். இயந்திரத்தை அஜாக்கிரதையாக நடத்தியதற்குப் போலீசில் புகார் செய்யவும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 289ஆம் பிரிவு இருக்கிறது.

மேலே சொன்ன தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. "பழைய சட்டமெல்லாம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்து அதற்கு முன்பே நடந்தது, அன்றைக்கு இருந்த சட்டப்படியான உரிமை அப்படியே இருக்கிறது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் ஊனமுற்றவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.